ஒரு கிலோ வரை

பாசலில் எட்டாம் இலக்க டிராம்
ஒரு நாட்டில் ஏற்றி
இன்னொரு நாட்டில் இறக்கிவிடும்.
இடையில் மலையில்லை, கடலில்லை,
கூரை போட்ட ஒரு சாவடி,
பக்கத்தில் ஒரு பூக்கடை.

அதைப் பற்றித்தான் பாடம் எடுக்கிறேன்.
செவ்வாயும் வியாழனும் காலை எட்டேகாலுக்கு,
தூக்கம் கலையாத நாற்பது பேருக்கு.
விற்கிற எதற்கும் ஓர் எண் உண்டு என்பேன்.
மனித மயிருக்கு உண்டு. சாம்பலுக்கு உண்டு.
பிஞ்சுப் பலா ஒன்றை வெட்டி மேசையில் வைத்து
காயா பழமா என்று கேட்டுவிட்டுச்
சும்மா நிற்பேன்.
காய் என்றால் ஒரு வரி, பழம் என்றால் இன்னொன்று.
அரை மணி நேரம் அடித்துக்கொள்வார்கள்.
தொட்டுப் பார்த்த பிள்ளை அடுத்த வகுப்பில் வந்து
சோப்புப் போட்டும் பிசின் போகவில்லை என்று முறையிடும்.

பழந்தமிழில் சுங்கத்துக்கு உல்கு என்று பெயர்.
அதை நான் அவர்களிடம் சொன்னதில்லை.
சொன்னால் எழுதிக்கொள்வார்கள்,
பரீட்சையில் வருமா என்று கேட்பார்கள்.

சனிக்கிழமை, மகளின் பிறந்தநாளுக்கு,
அந்தப் பக்கம் வைல் போய்
ஆட்டிறைச்சி வாங்கினேன், இரண்டு கிலோ நானூறு.
இங்குள்ள விலையில் பாதி.
ஆளுக்கு ஒரு கிலோ வரைதான் வரியில்லை.
தெரியும்.
எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

எல்லையில் இருவர் ஏறினார்கள்.
ஒருவன் ரேட்டோ புரோட்பெக்.
இரண்டு வருடம் முந்தி என் வகுப்பில் கடைசி வரிசை,
பலாக்காயைப் பழம் என்று சாதித்தவன்.
இப்போது இடுப்பில் துப்பாக்கி.

"பையில் என்ன, பேராசிரியர்?"
"இறைச்சி."
"எவ்வளவு?"

ஒன்று என்று சொல்லியிருக்கலாம்.
அவன் திறந்து பார்த்திருக்க மாட்டான்.
மரியாதைக்கு எண் கிடையாது,
எல்லையை மிக எளிதாகக் கடக்கும் சரக்கு அதுதான் என்று
நானே அவனுக்குச் சொல்லியிருக்கிறேன்.
இரண்டு கிலோ நானூறு, என்றேன்.
மிஞ்சும் ஒவ்வொரு கிலோவுக்கும் பதினேழு பிராங்க்.
"இருபத்துமூன்று எண்பது,"
அவன் கருவியைத் தொடவே இல்லை.
மனக்கணக்கு. முழு மதிப்பெண்.
சிரித்தபடி கட்டினேன். பக்கத்து இருக்கையும் சிரித்தது.

பிறகு எனக்குப் பின்னால் போனான்.
தனியாள். ஆண். முப்பதுக்குள்.
சின்னப் பை. சன்னலோடு ஒட்டிய முகம்.
ரேட்டோ கேட்ட கேள்விகள், கேட்ட வரிசை,
இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே விட்ட மௌனம்,
எல்லாமே என் பதினான்காவது ஸ்லைடு.
ஒரு காய்ச்சல் இரவில்
யாரோ எழுதிய நீண்ட அறிக்கையைச் சுருக்கி
ஐந்து வரிக்குள் அடக்கினேன்.
ஐந்துக்கு மேல் போனால் மாணவர் வாசிப்பதில்லை.

அந்த மனிதன் பையைத் திறந்தான்.
ஒரு துவாய். சார்ஜர். பாதி தின்ற பாண்.
எல்லாம் எண் உள்ள பொருட்கள்.
ரேட்டோ பணிவாகத்தான் பேசினான்,
அதுவும் நான் சொல்லிக்கொடுத்ததுதான்.

இறக்கிக் கூட்டிப்போனார்கள்.
பூக்கடை வாசலில் மூவரும் நிற்க
டிராம் நகர்ந்தது.
என் மடியில்
முறைப்படி வரி கட்டிய இறைச்சி.
ரசீது இன்னும் சூடாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை
பதின்மூன்றாவது ஸ்லைடு வரை ஒழுங்காக வந்தேன்.
அடுத்ததற்கு விரல் போகவில்லை.
திரையில் பழைய வரைபடம், துறைமுகங்கள், அம்புக்குறிகள்.
யாரோ இருமினார்கள்.
முன்வரிசையில் அனூக் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி
இனி வருவது பரீட்சைக்கு உண்டா என்றாள்.

உண்டு என்றேன், இன்னும் அழுத்தாமலே.
நாற்பது தலைகளும் குனிந்தன.